கீறல் போட்டவரின் பத்திரம்

“தாத்தா காலத்துப் பத்திரம் ஒண்ணு தகரப்பெட்டில கெடக்கு, என்ன எழுதியிருக்குன்னுதான் வெளங்கல.” திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள புஞ்சைக் கிராமங்களில் நிலத் தகராறு பற்றிப் பேச உட்கார்ந்தால் இந்தப் பேச்சு எப்படியும் வந்துவிடும். விளங்காமல் போனது எழுத்தின் பழமையால் மட்டுமல்ல. பத்திரத்தில் பேசுகிற ‘நான்’ ஒருவர், அதை எழுதிய கை இன்னொருவருடையது. எழுதத் தெரியாதவர் ஒரு கோடு கிழிப்பார். ‘இன்னார் கீறல்’ என்று பக்கத்தில் எழுதுவதும் அதே எழுத்தரின் கைதான். தன் பெயரால் எழுதப்பட்டதை அவர் வாசித்ததே இல்லை. வாசிக்கக் கேட்டார், அவ்வளவுதான். அவருடைய பேரப்பிள்ளைகளும் இன்னொருவர் வாசித்துச் சொல்லக் கேட்பதோடு நிற்க வேண்டுமா என்பதே கேள்வி.

முதல் தடை புள்ளி. ஓலைப் பழக்கம் தாளுக்கும் வந்தபோது பல கைகள் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கவில்லை. எகரமும் ஏகாரமும் ஒன்றுபோல, ரகரமும் காலும் ஒன்றுபோல இருக்கும். சொற்களுக்கிடையே இடைவெளியும் இராது. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய றா, னை, லை வடிவங்கள் வேறு. இங்கே பெயரில் தொடங்குகிறவர் ஊகத்தில் விழுவார். பத்திர மொழி ஒரு சடங்கு மொழி. ‘எழுதிக் கொடுத்த கிரயப் பத்திரம் என்னவென்றால்’ என்பது மாதிரியான தொடர்கள் எல்லாவற்றிலும் வரும். தெரிந்த தொடரிலிருந்து அந்த எழுத்தரின் க, த, வ, ம எப்படியிருக்கிறது என்று தனித்தாளில் எடுத்துக்கொண்டு, அப்புறம் பெயருக்குப் போக வேண்டும்.

எண்களில்தான் ஆபத்து அதிகம். ௫ பார்வைக்கு ‘ரு’, ௰ ‘ய’, ௱ ‘ள’. ௰௫ என்றால் 15, ௫௰ என்றால் 50. கடன் சீட்டில் இரண்டு குறிகள் இடம் மாறினால் போதும். பின்னங்களுக்கும் தனிக் குறிகள் உண்டு: மாகாணி 1/16, மா 1/20, காணி 1/80, முந்திரி 1/320. கமலை கட்டி இறைத்த இந்த வறண்ட பூமியில் நிலத்தைவிடக் கிணற்றுப் பங்குதான் சொத்து. அந்தப் பங்கு இந்தக் குறிகளில் ஒளிந்திருக்கலாம். நிதி நிக்ஷேபம் ஜலம் தரு பாஷாணம் என்ற ஜோடனையை வேகமாகத் தாண்டிவிடலாம், இதைத் தாண்டக்கூடாது.

செக்குபந்தி, அதாவது நான்கெல்லை. ‘ஓடைக்கு வடக்கு, வண்டிப்பாதைக்கு மேற்கு’ என்றால் ஓடை நமக்குத் தெற்கே, பாதை கிழக்கே. வடக்கே ஓடை என்று படித்தால் நிலம் அக்கரைக்குப் போய்விடும்!

தேதிக்கு வருவோம். தமிழ் வருஷப் பெயர் 60 ஆண்டுக்கொரு முறை திரும்பும். ‘நந்தன’ 1892ஆகவும் இருக்கலாம், 1952ஆகவும் இருக்கலாம். பசலி இருந்தால் 590 கூட்டினால் அந்தப் பசலி தொடங்கிய ஆங்கில வருஷம் வரும். பசலி 1302 என்பது 1892 ஜூலையில் தொடங்கியது. ‘மதுரை ஜில்லா திண்டுக்கல் தாலுகா’ என்றிருந்தால் குழம்ப வேண்டாம், தனி மாவட்டம் 1985இல்தான் வந்தது.

1892ஐச் சொன்னது சும்மா அல்ல. செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் 1891இல் தந்த அறிக்கையின் தொடர்ச்சியாக, 1892 செப்டம்பர் 30 அரசாணையால் தாழ்த்தப்பட்டோருக்குச் சென்னை மாகாணத்தில் நிலம் ஒதுக்க வழி பிறந்தது. இதையே பஞ்சமி நிலம் என்கிறோம். பிற சாதியாருக்கு விற்கக்கூடாது என்பது நிபந்தனை. பெரும்பகுதி கைமாறிவிட்டது. 1994 அக்டோபரில் காரணை பஞ்சமி நிலத்தை மீட்கும் போராட்டத்தில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள்.

பழைய பத்திரங்களில் எழுதிக் கொடுப்பவர், வாங்குபவர் பெயரோடு சாதியும் வரும். இழிவாக எழுதப்பட்ட அதே சொல், விற்றவர் யார், வாங்கியவர் யார் என்பதற்கு இன்றைக்குச் சாட்சி. அதை அடித்துவிட்டுப் பிரதியெடுத்துத் தருகிறவர்கள் நல்லெண்ணத்தில்கூடச் செய்யலாம், வேண்டாம். பிழையும் சாதிப்பெயரும் உள்ளபடியே வரிக்கு வரி எழுதுங்கள். தெளிவாகாத எழுத்துக்குப் புள்ளிக்கோடு போடுங்கள், நிரப்பாதீர்கள். பதிவான பத்திரமென்றால் சார்பதிவாளர் அலுவலகத்தின் 1ஆம் புத்தகத்தில் அதன் நகல் இருக்கும். அந்தக் காலத்தில் அதுவும் கையால் எழுதியதுதான், இன்னொரு கை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதலில் எண்களை, அடுத்துப் பெயர்களை.