214-வது ஆள்... நள்ளிரவு ஷாட்!

மியாமி எப்படிப்பட்ட ஊர்னு உங்களுக்குத் தெரியும். கடற்கரை, பனைமரம், மண்டையைப் பிளக்குற வெயில். அங்கே போய் ஐஸ் ஹாக்கியான்னு கேட்பீங்க. ஆனா, 1996 ஜூன் 10-ம் தேதி ராத்திரி அந்த ஊர்ல நடந்தது சும்மா ஒரு மேட்ச் இல்லை பாஸ். வட அமெரிக்காவின் நேஷனல் ஹாக்கி லீக், சுருக்கமா என்.ஹெச்.எல்., அதோட ஃபைனல்! ஒரு பக்கம் உள்ளூர் டீம் புளோரிடா பேந்தர்ஸ். இன்னொரு பக்கம் டென்வர்ல இருந்து வந்த கொலராடோ அவலாஞ்ச். ஃபைனல்னா ஒரே மேட்ச் கிடையாது. நாலு மேட்ச் யார் முதல்ல ஜெயிக்கிறாங்களோ அவங்களுக்குத்தான் ஸ்டான்லி கப். மூணு ஏற்கெனவே கொலராடோ பாக்கெட்ல. நாலாவதையும் தட்டிட்டா முடிஞ்சது கதை.

தட்ட முடியலையே! 60 நிமிஷம் ஆடி முடிச்சாங்க, 0-0. ஓவர்டைம் 20 நிமிஷம், 0-0. இன்னொரு 20 நிமிஷம், அப்பவும் அதே முட்டை. பிளே ஆஃப்ல பெனால்ட்டி ஷூட் அவுட் எல்லாம் கிடையாது. யாராவது ஒருத்தர் கோல் போடற வரைக்கும் ஆடிக்கிட்டே இருக்கணும். புளோரிடா கோல் கீப்பர் ஜான் வான்பீஸ்பிரூக் 55 ஷாட்டைத் தடுத்துட்டார். கொலராடோவின் பேட்ரிக் ருவா 63. மணி நள்ளிரவைத் தாண்டி ஒண்ணு. மூணாவது ஓவர்டைம்ல 4 நிமிஷம் 31 செகண்டு ஆகுறப்போ, கோலுக்கு ரொம்ப தூரத்துல நின்ன ஓர் ஆறரை அடி உயர ஆள்கிட்ட பக் வந்து சேருது. பேர், ஊவே க்ருப். ஊர், ஜெர்மனியில் இருக்கிற கொலோன்.

இங்கே ஒரு கட். நம்ம சினிமா ஸ்டைல்ல ஒரு ஃப்ளாஷ்பேக் போயிட்டு வந்துடலாம். ஏன்னா, அவர் அடிச்ச ஷாட்டை விட, அந்த நேரத்துல அந்த இடத்துல அவர் நின்னுட்டு இருந்ததுதான் பெரிய ஆச்சரியம்.

அதுக்கு முன்னாடி, ஐஸ் ஹாக்கியே பார்க்காதவங்களுக்கு நாலு வரி. ஒரு டீமுக்கு ஐஸ் மேல ஆறு பேர். ஒரு கோல் கீப்பர், மூணு ஃபார்வேர்டு, ரெண்டு டிஃபன்ஸ்மேன். பந்து கிடையாது. கேரம் ஸ்ட்ரைக்கருக்கு பெரியண்ணன் மாதிரி ஒரு கறுப்பு ரப்பர் வில்லை, சுமார் 170 கிராம். அதுதான் பக். நம்ம க்ருப் டிஃபன்ஸ்மேன். அவங்க வேலை என்ன? கோல் கீப்பர் கண்ணை மறைச்சுக்கிட்டு நிக்கிறவனை இடிச்சு நகர்த்தணும். வர்ற ஷாட்டுக்குக் குறுக்கே விழுந்து உடம்புல வாங்கணும். பக்கை எடுத்து முன்னாடி ஓடறவனுக்குச் சரியா தள்ளி விடணும். அவன் கோல் போடுவான், பேப்பர்ல அவன் படம் வரும். டிஃபன்ஸ்மேன் பேர் ஊருக்குத் தெரியணும்னா, அவர் ஏதாவது சொதப்பியிருக்கணும்!

சரி, ஃப்ளாஷ்பேக். க்ருப் 1965-ல் கொலோனில் பிறந்தவர். அப்போ அது மேற்கு ஜெர்மனி. அங்கே ராஜா ஃபுட்பால். ஐஸ் ஹாக்கிக்கு லீக் இருந்தது, ரசிகர்கள் இருந்தாங்க. ஆனா, என்.ஹெச்.எல். என்பது கனடாக்காரங்களும் அமெரிக்கர்களும் ஆடுற இடம். ஐரோப்பாவில் இருந்து யாராவது போனா அவர் ஸ்வீடன்காரராவோ ஃபின்லாந்துக்காரராவோ இருப்பார். ஜெர்மன்காரரா? அட, போங்க பாஸ்!

இதுக்கு உதாரணம் க்ருப் கண் முன்னாலயே இருந்தார். கொலோன் டீமில் அவருக்கு சீனியர், உடோ கீஸ்லிங். அவரும் டிஃபன்ஸ்மேன்தான். 1976-ல் ஒலிம்பிக் வெண்கலம் வாங்கின மேற்கு ஜெர்மனி டீமில் இருந்தவர். மொத்தம் அஞ்சு ஒலிம்பிக் ஆடினவர். ஜெர்மனியில் வளர்ந்து என்.ஹெச்.எல். ஐஸில் கால் வெச்ச முதல் ஆளும் அவர்தான். 1982-ல் மினசோட்டா நார்த் ஸ்டார்ஸ் டீமுக்காக இறங்கினார். எத்தனை மேட்ச் ஆடினார் தெரியுமா? ஒண்ணு. ஒரே ஒண்ணு. அவ்வளவு பெரிய பிளேயருக்கே அவ்வளவுதான் கதவு திறந்தது.

அடுத்த வருஷம், 1983-ல் என்.ஹெச்.எல். டிராஃப்ட். டிராஃப்ட்னா என்னன்னு கேட்கிறீங்களா? நம்ம இன்ஜினீயரிங் கவுன்சலிங்கைத் தலைகீழா யோசிங்க. இங்கே நீங்க காலேஜைத் தேர்ந்தெடுக்கிறீங்க. அங்கே காலேஜ் வரிசையில் நின்னு ஸ்டூடண்ட்டைத் தேர்ந்தெடுக்கும். நல்ல சரக்கெல்லாம் முதல் ரெண்டு மூணு சுற்றுலயே காலி. க்ருப்பை எடுத்தது பஃபலோ சேபர்ஸ். எத்தனையாவது சுற்று? 11-வது. மொத்த வரிசையில் 214-வது பேர். அந்த இடத்துல ஓர் ஆளை எடுக்கிறதும் லாட்டரிச் சீட்டு வாங்குறதும் ஒண்ணுதான். அந்தச் சீட்டை வாங்கினவர், அப்போ பஃபலோவின் ஜெனரல் மேனேஜரா இருந்த ஸ்காட்டி போமேன். ஹாக்கி சரித்திரத்திலேயே அதிக வெற்றி பெற்ற கோச். இந்தப் பேரை ஞாபகம் வெச்சுக்கங்க, திரும்ப வருவார்.

பேரைக் கூப்பிட்டுட்டாங்கன்னு க்ருப் உடனே பெட்டியைக் கட்டலை. கொலோனிலேயே மூணு வருஷம் ஆடினார். 1984-லயும் 1986-லயும் ஜெர்மன் சாம்பியன்ஷிப்பை அந்த டீம் தூக்கியது. அப்புறம்தான், 21 வயசுல, பஃபலோ. எனக்கு என்னவோ அவரோட வாழ்க்கையில் புத்திசாலித்தனமான முடிவு இந்த மூணு வருஷம்தான்னு தோணுது. 18 வயசுல போயிருந்தா ஏதாவது சின்ன லீக்ல தூக்கிப் போட்டிருப்பாங்க. பெரிய ஆளுங்களோட மோதிப் பழகிட்டுப் போனதால சீக்கிரமே பெரிய டீமில் இடம் கிடைச்சது. 1991-ல் ஆல் ஸ்டார் மேட்சுக்கே கூப்பிட்டாங்க.

சந்தோஷப்படறதுக்குள்ள அதே வருஷம் டிரேட்! அமெரிக்கன் லீக்ல இது ஒரு தனிக் கொடுமை. 'நாளைல இருந்து நீ அந்த டீம்'னு ஒரு போன் வரும், மூட்டை கட்டணும். பஃபலோ அவரை நியூயார்க் ஐலேண்டர்ஸுக்குக் கொடுத்துட்டது. 1994-ல் அவங்க கியூபெக் நார்டிக்ஸுக்குத் தள்ளிவிட்டாங்க. 1995-ல் கியூபெக் டீமே ஊரை விட்டு டென்வருக்குக் குடிபோய் கொலராடோ அவலாஞ்ச்னு பேரை மாத்திக்கிச்சு. ஆக, தலைவர் இந்த முறை டீம் மாறலை. டீம்தான் ஊர் மாறியது!

புது ஊர், புது ஜெர்சி, ஜோ சாகிக், பீட்டர் ஃபோர்ஸ்பெர்க்னு மிரட்டுற டீம். எல்லாம் கூடி வர்ற நேரத்துல, சீசன் ஆரம்பத்துலயே க்ருப்போட முழங்கால் லிகமென்ட் கிழிஞ்சுபோச்சு. வேகமா ஓடி சட்டுனு திரும்புற விளையாட்டுல முழங்கால் போச்சுன்னா என்ன அர்த்தம்னு உங்க காலேஜ் ஃபுட்பால் டீம்ல யாரையாவது கேளுங்க, சொல்வாங்க. அந்த சீசன்ல 82 லீக் மேட்ச்ல அவர் ஆடினது வெறும் 6. ஏப்ரல்ல, பிளே ஆஃப் தொடங்கற சமயத்துக்குச் சரியா, காலைத் தேத்திக்கிட்டு வந்து நின்னார். அங்கிருந்து ரெண்டே மாசத்துல மியாமி.

ஃப்ளாஷ்பேக் ஓவர். மணி ஒண்ணு, ஸ்கோர் 0-0, பக் க்ருப்கிட்ட.

ஒரு சின்ன தகவல் சேர்த்துச் சொல்லிடறேன், இல்லைனா அந்த அரங்கத்தோட சூடு உங்களுக்குப் புரியாது. அந்த சீசன் ஆரம்பத்துல புளோரிடா வீரர் ஸ்காட் மெல்லன்பி, டிரெஸ்ஸிங் ரூம்ல ஓடின எலியை ஹாக்கி மட்டையால அடிச்சே கொன்னார். அன்னிக்கே ரெண்டு கோலும் போட்டார். அவ்வளவுதான், சென்டிமென்ட்! அதுக்கப்புறம் சொந்த டீம் கோல் போட்டா ரசிகர்கள் ஐஸ் மேல பிளாஸ்டிக் எலிகளை மழையா கொட்டுவாங்க. இந்த ராத்திரி அந்த வாய்ப்பே வரலை.

க்ருப் பக்கை ஓங்கி அடிச்சார். நடுவுல ஆளுங்க கூட்டம். அத்தனை கால்களையும் தாண்டி அது வலைக்குள்ள போச்சு. 1-0. கோப்பை கொலராடோவுக்கு. டென்வர் நகரத்தோட பெரிய லீக் டீம் எதுவும் அதுவரைக்கும் சாம்பியன் ஆனதே இல்லை, இதுதான் முதல் தடவை. ஜெர்மனியில் வளர்ந்த ஒருத்தர் ஸ்டான்லி கப்பை ஜெயிச்சதும் இதுதான் முதல் தடவை. 700-க்கும் அதிகமான லீக் மேட்ச்ல மொத்தமே 69 கோல் போட்ட மனுஷன் அவர். அந்தக் கணக்குலயே சேராத, பிளே ஆஃப்ல போட்ட இந்த ஒரு கோல்தான் இன்னிக்கும் அவர் பேர்ல நிக்குது.

இதோட 'சுபம்' போட்டுடலாம்னு ஆசைதான். ஆனா, 1998-ல் க்ருப் பண்ணின காரியம் கொலராடோ ரசிகர்களுக்கு சுத்தமா பிடிக்கலை. நாலு வருஷ ஒப்பந்தத்துல டெட்ராய்ட் ரெட் விங்ஸுக்குப் போனார். கொலராடோவும் டெட்ராய்ட்டும் அப்போ ஜென்ம விரோதிங்க, ஐஸ் மேலயே ரத்தம் வர அடிச்சுக்கிட்டவங்க. போனவருக்கு முதுகு மக்கர் பண்ணிடுச்சு. முதல் சீசன்ல 22 மேட்சோட படுக்கை. க்ருப்புக்கு நாய்கள் இழுக்கிற பனிவண்டிப் பந்தயத்துல பயங்கர ஈடுபாடு. 'முதுகுவலின்னு சொல்லிட்டு பனிவண்டி ஓட்டினியா?'ன்னு கிளப் சண்டைக்கு வந்து, சம்பளத்தையே நிறுத்தியது. க்ருப் விடாம எதிர்த்து நின்னார். ரெண்டு சீசன் முழுக்க ஐஸ் பக்கமே வரலை. யார் பக்கம் நியாயம்னு நாம இங்கே உட்கார்ந்து தீர்ப்பு சொல்ல முடியாது. ஒண்ணு மட்டும் நிஜம், 33 வயசுல இருந்து 35 வயசு வரைக்குமான காலம் ஒரு டிஃபன்ஸ்மேனுக்குத் திரும்பக் கிடைக்காது. 2001-02 சீசன்ல மறுபடி இறங்கினார், 8 லீக் மேட்ச். அப்போ டெட்ராய்ட் கோச் யார்? 1983-ல் 214-வது பேரா அவரை எடுத்த அதே ஸ்காட்டி போமேன்! அந்த வருஷம் கோப்பையும் டெட்ராய்ட்டுக்குத்தான். அடுத்த சீசன்ல அட்லாண்டாவுக்காக சில மேட்ச், அதோட ஸ்கேட்ஸைக் கழட்டினார்.

2005-ல் ஜெர்மனி தேசிய டீமுக்கு கோச் ஆனார். 2009 உலக சாம்பியன்ஷிப்ல டீம் 15-வது இடம். முறைப்படி கீழ்ப் பிரிவுக்கு இறங்கியிருக்கணும். அடுத்த வருஷப் போட்டியை நடத்துறதே ஜெர்மனி என்பதால தப்பிச்சாங்க. ஏறக்குறைய அரியரோட அடுத்த செமஸ்டருக்குப் போன கதை. அதே ஆள், 2010 மே 7-ம் தேதி, கெல்சன்கிர்ஷன் நகரத்துல ஷால்கே ஃபுட்பால் கிளப்போட ஸ்டேடியத்துக்குள்ள ஐஸ் போட்டு, 77,803 பேர் பார்க்க, அமெரிக்காவை ஓவர்டைம்ல 2-1ன்னு சாய்ச்சார். ஃபுட்பால் தேசத்துல, ஃபுட்பால் ஸ்டேடியத்துல, ஐஸ் ஹாக்கிக்கு அவ்வளவு கூட்டம்! கால் இறுதியில் ஸ்விட்சர்லாந்தை 1-0ன்னு வீழ்த்தி, கடைசியில் நாலாவது இடம். உலக சாம்பியன்ஷிப்ல ஜெர்மனி அவ்வளவு மேலே வந்தது 1953-க்கு அப்புறம் அப்போதான். கோல் அதிகம் போட்டு வந்த இடம் இல்லை அது. ஒரு டிஃபன்ஸ்மேன் கோச்சா இருந்தா எப்படி ஆடுவாங்களோ அப்படி, எதிராளியை ஆட விடாம ஆடி வந்தாங்க.

2017-ல் சர்வதேச ஐஸ் ஹாக்கி சம்மேளனம் க்ருப்பை ஹால் ஆஃப் ஃபேம்ல சேர்த்தது. கூடவே சேர்ந்தவர்களில் ஒருவர், மியாமி ராத்திரியில் அவரோட கேப்டனா இருந்த ஜோ சாகிக். அடுத்த வருஷம் கொரியாவில் நடந்த ஒலிம்பிக்ல ஜெர்மனி, அரை இறுதியில் கனடாவைச் சாய்ச்சு ஃபைனல் வரைக்கும் போச்சு. தங்கத்துக்கு ஒரு நிமிஷம்கூட பாக்கியில்லாதப்போ ரஷ்ய வீரர்கள் சமன் பண்ணி, ஓவர்டைம்ல தட்டிப் பறிச்சாங்க. வெள்ளி வாங்கின அந்த ஜெர்மன் டீமில் பியோர்ன் க்ருப்னு ஒரு பேர் இருக்கும். ஊவேவின் மகன். அவரும் டிஃபன்ஸ்மேன்தான்.

2019 டிராஃப்ட்ல இன்னொரு ஜெர்மன் டிஃபன்ஸ்மேனை ஒரு டீம் கூப்பிட்டது. பேர் மோரிட்ஸ் சைடர். எடுத்தது டெட்ராய்ட். மூணே வருஷத்துல, 2022-ல், லீக்கின் சிறந்த புதுமுகத்துக்கான கால்டர் டிராஃபியை அவர் வாங்கினார். டிராஃப்ட்ல அவரை எத்தனையாவது ஆளா எடுத்தாங்கன்னு கேட்கிறீங்களா? முதல் சுற்று, 6-வது பேர்.