அமாவாசைக்கும் பவுர்ணமிக்கும் உல்லாசப் பயணம்!
300 வயதைக் கடந்த படகு கிளப்பின் கதை

கடலுக்குப் போகிறவர்கள் யார்? மீன் பிடிப்பவர்கள் போகிறார்கள். சரக்கு ஏற்றுகிறவர்கள் போகிறார்கள். சண்டை போடவும் போகிறார்கள். எந்த வேலையும் இல்லாமல், நண்பர்களோடு சிரித்துப் பேசிக்கொண்டு, சும்மா ஒரு சுற்றுச் சுற்றி வருவதற்காகக் கடலுக்குப் போகிறவர்கள் உண்டா?

உண்டு. அதற்காகவே ஒரு கிளப் வைத்து, சட்டம் போட்டு, "இன்ன நாளில் புறப்பட வேண்டும், இன்னதுதான் சாப்பிட வேண்டும்" என்று எழுதி வைத்தவர்களும் உண்டு.

அயர்லாந்து நாட்டின் தெற்கே கார்க் என்று ஒரு நகரம் இருக்கிறது. அதன் துறைமுகம் இயற்கையாக அமைந்தது. வாய் குறுகல், உள்ளே போனால் ஏரி போல விரிந்து கிடக்கும். நடுவே தீவுகள். அவற்றில் ஒன்று ஹால்போலின். 1602-ம் ஆண்டில் அங்கே ஒரு கோட்டை கட்டினார்கள்.

1720-ம் ஆண்டு, இஞ்சிகுவின் பிரபு என்ற இளைஞரும் அவருடைய நண்பர்கள் 5 பேரும் சேர்ந்து ஒரு சங்கம் அமைத்தார்கள். எல்லோரும் வசதி படைத்தவர்கள். சொந்தமாகப் பாய்மரப் படகு வைத்திருந்தவர்கள். சங்கத்துக்கு அவர்கள் வைத்த பெயர் "தண்ணீர் கிளப்". கோட்டைதான் அவர்கள் கூடும் இடம். 25 பேருக்கு மேல் அங்கத்தினர் கூடாது என்றும் முடிவு செய்தார்கள்.

அந்தக் கிளப்தான் இன்று "ராயல் கார்க் யாட் கிளப்" என்ற பெயரில் இருக்கிறது. யாட் என்றால் உல்லாசப் படகு.

யார் முதல்?

"உலகத்தின் முதல் படகு கிளப் எங்களுடையதுதான்" என்று கார்க் நகரத்தார் சொல்கிறார்கள். ரஷியர்கள் இதை ஒப்புவது இல்லை. 1718-ம் ஆண்டிலேயே அவர்களுடைய மன்னர் மகா பீட்டர், தம் தலைநகரத்துப் பெரிய மனிதர்களுக்குப் படகுகளை வழங்கி, நேவா ஆற்றில் கூட்டமாக ஓட்டும்படி உத்தரவு போட்டார். வராதவர்களுக்கு அபராதம்!

அபராதத்துக்குப் பயந்து செய்வது உல்லாசமா? கார்க் நகரத்தாரை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. தாங்களாகவே சேர்ந்தார்கள். ஆகவே முதல் இடத்தை அவர்களுக்கே கொடுத்துவிடலாம் என்று தோன்றுகிறது.

சந்திரன் குறித்த நாள்

இவர்கள் எப்போது படகு ஏறினார்கள் தெரியுமா? ஏப்ரல் மாதம் தொடங்கி செப்டம்பர் முடிய, ஒவ்வொரு கடல் பெருக்கு நாளிலும்!

அமாவாசையையும் பவுர்ணமியையும் ஒட்டி கடல் அதிகமாகப் பொங்கும். பிறகு அதே வேகத்தில் வற்றும். கடற்கரை ஊர்களில் பிறந்தவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியது இல்லை. கார்க் துறைமுகத்தில் இந்த நாட்களில் தண்ணீர் ஏறக்குறைய 12 அடி ஏறி இறங்கும். பெருக்கின்போது, சேற்றில் தட்டிக் கிடக்கும் படகும் மிதந்துவிடும். தண்ணீர் வற்றத் தொடங்கினால், காற்று குறைவாக இருந்தாலும், நீரோட்டமே படகைக் கடலுக்கு இழுத்துச் செல்லும்.

கடிகாரமும் காலண்டரும் எல்லோர் வீட்டிலும் இல்லாத காலம் அது. சந்திரனைப் பார்த்தால் போதும். கிளப் கூடும் நாள் தெரிந்துவிடும். இப்படி 6 மாதத்தில் 12, 13 பயணங்கள். மற்ற 6 மாதம் குளிரும் புயலும்.

2 கறிக்கு மேல் கூடாது!

ஊர்வலத்துக்குத் தலைமை தாங்குகிறவருக்கு "அட்மிரல்" என்று பட்டம். கடற்படைத் தளபதி என்று அர்த்தம். மற்றவர்கள் எல்லாம் "கேப்டன்"கள். கொடி அசைத்தும் பீரங்கி வெடித்தும் அட்மிரல் சைகை கொடுப்பார். போர்க் கப்பல்களைப் போலவே படகுகள் வரிசை பிடிக்கும். எதிரி மட்டும் கிடையாது!

பயணம் முடிந்ததும் விருந்து. இங்கேதான் சட்டம் கடுமையாக இருந்தது. விருந்து கொடுக்கும் அட்மிரல் 2 இறைச்சிக் கறிகளுக்கு மேல் கொண்டுவரக் கூடாது. மதுப் புட்டிகளுக்கும் கணக்கு உண்டு. 2 டஜனுக்கு மேல் ஆகாது. நீதிபதிகள் விருந்தாளிகளாக வந்தால் மட்டும் விதிவிலக்கு.

இதைப் படித்துச் சிரிக்கலாம். ஆனால் நம் வீட்டுக் கல்யாணங்களை நினைத்துப் பார்த்தால் சிரிப்பு அடங்கிவிடும். இந்த மாதம் ஒருவர் 2 கறி வைக்கிறார். அடுத்த மாதம் மற்றொருவர் 10 வைக்கிறார். அதற்கு அடுத்தவர் என்ன செய்வார்? கடன் வாங்குவார், அல்லது கிளப்பை விட்டே விலகுவார். படகில் போட்டி இருக்கலாம். பந்தியில் கூடாது என்று அந்தப் பிரபுக்களுக்குத் தெரிந்திருந்தது.

இன்னொரு சட்டம்: சாப்பாட்டுக்குப் பிறகு படகு ஓட்டுவதைப் பற்றிப் பேசக் கூடாது. பேசினால் அபராதம். அபராதம் என்ன? ஒரு கிண்ணம் நிறைய மது குடிக்க வேண்டும்! அதற்காகவே சிலர் பேசியிருப்பார்கள்.

நீண்ட வால் வைத்த பொய்முடி அணிந்து வரக் கூடாது என்றும் விதி இருந்தது. வெளியூர்க்காரரை அழைத்து வரவேண்டுமானால், முதல் நாள் இரவு அவர் அந்தக் கேப்டன் வீட்டில் தங்கியிருக்க வேண்டும். வழியில் கண்டவரை எல்லாம் கூட்டிவர முடியாது.

தங்க முலாம் பூசிய படகுகள்

ஆண்டுக்கு ஒரு முறை எல்லாப் படகுகளும் அணிவகுத்து, துறைமுகத்தைத் தாண்டித் திறந்த கடலுக்குப் போகும். 1748-ம் ஆண்டில் வெளிவந்த ஒரு பயண நூல் இந்தக் காட்சியை வியந்து கூறுகிறது. மன்னரின் படகைவிட இவற்றின் வண்ணமும் தங்க முலாமும் அதிகமாம்! பேரிகை முழங்க, எக்காளம் ஊத, வேடிக்கை பார்ப்பவர்களின் படகுகள் பின்னாலேயே போகுமாம். பீட்டர் மோனமி என்ற ஓவியர் இந்த அணிவகுப்பை 1738-ம் ஆண்டில் படமாகத் தீட்டினார்.

அந்தப் படம் வரைந்து 2 ஆண்டுகள்தான் ஆயின. 1740-ல் கடும் குளிர் வந்து அயர்லாந்தின் பயிர்கள் அழிந்தன. மறு ஆண்டும் பஞ்சம். ஏழைகள் கூட்டம் கூட்டமாக மடிந்தார்கள். "2 கறிக்கு மேல் கூடாது" என்று சிலர் சட்டம் போட்ட நாட்டில், ஒரு வேளைக் கஞ்சிக்கும் வழியில்லாதவர்கள் இருந்தார்கள். இதையும் சொல்லத்தான் வேண்டும்.

40 ஆண்டு மவுனம்

1765-ம் ஆண்டு வாக்கில் கிளப் ஓய்ந்துபோயிற்று. பயணம் இல்லை; விருந்தும் இல்லை. ஏறக்குறைய 40 ஆண்டுகள் இப்படியே கழிந்தன. 1806-ல் சிலர் கூடிப் புத்துயிர் கொடுத்தார்கள். ஹால்போலின் தீவு கடற்படைக்குப் போய்விட்டது. (இன்று அயர்லாந்துக் கடற்படையின் தலைமையிடம் அங்கேதான் இருக்கிறது.) ஆகவே எதிரே உள்ள கோவ் நகரில், கரையை ஒட்டி, 1854-ல் கிளப்புக்குப் புதிய கட்டிடம் எழும்பியது.

கோவ் என்றால் அயர்லாந்துக்காரர்களுக்குக் கண்ணீர் வரும். 1848 முதல் 1950 வரை 25 லட்சம் பேர் பிழைப்புத் தேடி இந்த ஊரில் கப்பல் ஏறினார்கள். பெரும்பாலோர் திரும்பி வரவே இல்லை. "டைட்டானிக்" கப்பல் கடைசியாக நின்றதும் இங்கேதான். 1912-ம் ஆண்டு ஏப்ரல் 11-ந் தேதி துறைமுக வாயிலில் நின்று, பயணிகளை ஏற்றிக்கொண்டு புறப்பட்டது. உல்லாசப் படகுகள் போன அதே நீரில்தான் பிரிவுக் கப்பல்களும் போயின.

போட்டிக் கிளப் கை கொடுத்தது

1960-களில் மறுபடியும் தளர்ச்சி. இந்தத் தடவை காப்பாற்றியது யார்? பக்கத்துக் கிளப்! துறைமுக வாயிலை அடுத்த கிராஸ்ஹேவன் ஊரில் "ராயல் மன்ஸ்டர்" என்ற கிளப் இருந்தது. 1966-ல் இரண்டும் ஒன்றாயின. இடம் மன்ஸ்டருடையது; பெயர் பழைய கிளப்பினுடையது. சொத்தும் கவுரவமும் குறுக்கே நிற்காமல் இப்படி ஒன்று சேர்வது எங்கும் எளிதல்ல.

இன்று கிராஸ்ஹேவனில் பந்தயங்கள் நடக்கின்றன. அவற்றுக்குத்தான் பத்திரிகைகளில் இடம். பந்தயம் வேண்டாம் என்கிறவர்களுக்கு, பழைய முறையில் கூட்டுப் பயணம் இருக்கிறது. சில படகுகள் சேர்ந்து கின்சேல் போன்ற கரையோர ஊருக்குப் போய், ஒன்றாகச் சாப்பிட்டு, இரவு தங்கித் திரும்பும். கிண்ணமும் இல்லை, பதக்கமும் இல்லை. தூரம் போக முடியாதவர்களுக்கு ஆற்றின் உள்ளே "டிரேக் குளம்" என்ற ஒதுக்கிடம் உண்டு. ஸ்பெயின் கப்பல்கள் துரத்தியபோது ஆங்கில மாலுமி டிரேக் அங்கே ஒளிந்திருந்ததாகக் கதை.

2020-ல் கிளப்புக்கு 300 வயது. பெரிய விழாவுக்கு ஏற்பாடு செய்தார்கள். கொரோனா வந்தது. படகுகள் கட்டியபடியே கிடந்தன. 2022 ஜூலை மாதத்தில்தான் படகுகள் திரண்டு, தள்ளிப்போன பிறந்தநாளைக் கொண்டாடின.