திறமூலத் தொகுப்பியில் செந்தரம் கடந்த மொழி நீட்சிகளை ஆவணப்படுத்தல்: ஜிசிசியை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

நிரல்மொழியின் செந்தரத்தில் இடம்பெறாத கூறுகளையும் தொகுப்பிகள் ஏற்பதுண்டு. அவை மொழி நீட்சிகள் எனப்படும். ஜிசிசி என்னும் திறமூலத் தொகுப்பி சி மொழிக்கு வழங்கும் நீட்சிகளைச் சான்றாகக் கொண்டு, நீட்சியின் வடிவத்தைக் காட்டிலும் அதன் பொருள் எல்லையைப் பதிவுசெய்வதே ஆவணத்தின் முதற்கடமை என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: தொகுப்பி, திறமூலம், செந்தரம், மொழி நீட்சி, ஆவணப்படுத்தல்

முன்னுரை

மனிதர் எழுதும் நிரலைக் கணினி இயக்கும் கட்டளைகளாக மாற்றும் மென்பொருள் தொகுப்பி ஆகும். கம்பைலர் என்பது அதன் பெருவழக்கான பெயர். குனு திட்டத்தின் ஜிசிசி 1987இல் வெளிவந்தது. சி மொழியின் முதல் செந்தரம் அமெரிக்காவில் 1989இல் ஏற்கப்பட்டு, 1990இல் பன்னாட்டுச் செந்தரமாயிற்று. எனவே, செந்தரம் உறுதிப்படுமுன்னரே இத்தொகுப்பி புழக்கத்தில் இருந்தது. நிரலாளரின் தேவை நோக்கி அது சேர்த்த கூறுகளுக்கு அதன் கையேட்டில் தனி இயலே உள்ளது. இலக்கண நூல்கள் தம் நூற்பாக்களுள் அடங்காத வழக்குகளுக்குப் புறனடையால் இடமளிப்பதை இதனோடு ஒப்புநோக்கலாம். எனினும் புறனடை பொதுப்பட அமைவது. தொகுப்பியின் நீட்சிகளோ தனித்தனியே வரையறுக்கப்பட வேண்டியவை.

நீட்சி ஆவணத்தில் இடம்பெற வேண்டியவை

நீட்சியின் வடிவம், பொருள், செந்தரத்தோடு அதற்குள்ள உறவு, அதனைக் கண்டறியவும் தவிர்க்கவும் உள்ள வழி, அதன் வரலாறு ஆகிய ஐந்தும் ஆவணத்தில் இடம்பெற வேண்டும். ஒரு கோவையின் தரவு வகையைப் பெற்றுத்தரும் 'டைப்ஆஃப்' இதற்குச் சான்றாகும். நெடுங்காலம் நீட்சியாக இருந்த இது சி23 செந்தரத்தில் இடம்பெற்றது. செந்தரத்தை மட்டும் பின்பற்றும் முறைமையில் முன்னும் பின்னும் இரட்டை அடிக்கோடு கொண்ட மாற்று வடிவத்தை எழுதுமாறு கையேடு அறிவுறுத்துகிறது. 'பெடான்டிக்' என்னும் தேர்வு, செந்தரம் எச்சரிக்கை கோரும் இடங்களைச் சுட்டும். மீறல்கள் அனைத்தையும் சுட்டாது என்பதையும் கையேடு தெளிவுறுத்துகிறது. ஒரு வசதி செய்யாததையும் கூறுவது நல்ல ஆவணத்தின் இயல்பாகும்.

மூலநிரலே ஆவணமாகுமா?

மூலநிரல் எவரும் படிக்கத் திறந்திருப்பதால் தனி ஆவணம் வேண்டா என்று கருதலாம். மூலநிரல் தொகுப்பி இன்று செய்வதைக் காட்டும். அச்செயல்களுள் எது நாளையும் தொடரும் உறுதிமொழி, எது தற்செயல் விளைவு என்பதை அது காட்டாது. அவ்வேறுபாட்டை ஆவணமே நிறுவ இயலும்.

பொருள் மாறிய நீட்சி

'இன்லைன்' என்னும் குறிச்சொல்லை, சி99 செந்தரம் ஏற்பதற்கு முன்பே ஜிசிசி நீட்சியாக வழங்கியது. பழைய ஜிசிசி வழக்கில் 'எக்ஸ்டெர்ன் இன்லைன்' என எழுதினால், அவ்வரையறை உட்பொதிவுக்கு மட்டுமே பயன்படும். செயற்கூற்றின் தனிப்படி உருவாகாது. சி99இல் அதே தொடர் தனிப்படியை உருவாக்கும். வடிவம் ஒன்றாயினும் பொருள் எதிர்மாறாயிற்று. ஜிசிசி 4.3, சி99 முறைமைகளில் புதிய பொருளை ஏற்றது. 2015இல் வெளிவந்த ஜிசிசி 5, தன் இயல்பு முறைமையைச் சி11 வழிப்பட்டதாக மாற்றியது. அதனால் பழைய நிரல்கள் சில, ஒரு சொல்லும் மாறாமலே, இணைப்புக் கட்டத்தில் பிழை தந்தன. பழைய பொருளைப் பேணும் பண்புக்குறியையும், நடைமுறையில் உள்ள பொருளை உணர்த்தும் முன்வரையறைப் பெயர்களையும் கையேடு பதிவுசெய்துள்ளமையால் அந்நிரல்களைத் திருத்த இயன்றது.

எல்லை நெகிழ்ந்த நீட்சி

கட்டமைப்பின் இறுதியில் சுழிய நீள அணியை அறிவித்து, மாறும் அளவுள்ள தரவுக்குத் தலைப்பாகப் பயன்படுத்துவது மற்றொரு நீட்சி. சி99 இத்தேவைக்கு நெகிழ்வணியை வரையறுத்தது. ஜிசிசியோ இறுதி அணி எவ்வளவினதாயினும் அதனை நெகிழ்வணியாகவே கருதிவந்தது. இதனை நம்பி எழுதப்பட்ட நிரல்கள் பெருகின. விளைவாக, அணியின் எல்லை மீறப்படுவதைக் கண்டறியும் பாதுகாப்புச் சோதனைகள் அவ்விடங்களில் செயலிழந்தன. எவ்வகை அணிகள் நெகிழ்வணியாகக் கொள்ளப்படும் என்பதை 0 முதல் 3 வரையான நான்கு நிலைகளில் வரையறுக்கும் தேர்வு, 2023இல் ஜிசிசி 13இல் சேர்ந்தது. லினக்ஸ் கருநிரலின் ஆவணமும் சுழிய நீள அணியையும் ஓருறுப்பு அணியையும் தவிர்க்கப்பட வேண்டியவையாகக் குறிக்கிறது.

நீக்கத்தைப் பதிவுசெய்தல்

வகைமாற்றக் கோவையின் இடப்புறத்தே மதிப்பு ஏற்றும் நீட்சி, வழக்கொழிந்ததாக முதலில் அறிவிக்கப்பட்டு, ஜிசிசி 4.0இல் நீக்கப்பட்டது. வெளியீட்டுக் குறிப்பு இவ்விரண்டையும் பதிவுசெய்துள்ளது. பழைய நிரல் ஏன் ஏற்கப்படவில்லை என வினவுவோர்க்கு இத்தகைய பதிவே விடையாகும்.

முடிவுரை

செந்தரத்துள் அடங்கிய கூறு ஐயத்துக்கு உள்ளாயின் செந்தரமே தீர்ப்பளிக்கும். நீட்சிக்கு அத்தகைய நடுவர் இல்லை. தொகுப்பியின் ஆவணமே செந்தரத்தின் இடத்தை ஏற்கிறது. எழுதப்படாத எல்லையைப் பயனர் தம் அனுபவத்தால் ஊகித்துக்கொள்வர். அவ்வூகம் நிரல்களில் நிலைபெற்றபின் அதனைத் திருத்துவது அரிது. ஆகவே நீட்சியை உருவாக்கும்போதே அதன் வரம்பையும் எழுதுவது, தொகுப்பியைப் பேணுவோர்க்கும் பயனர்க்கும் ஒருங்கே காப்பாகும்.