பிடிச்ச மீனை ஏன் விட்டோம்?

அக்டோபரில் சஸ்குவஹானா ஆறு பல இடங்களில் முழங்கால் ஆழம்தான், எங்கும் பாறை. சாதாரண மோட்டார் அடிபடும் என்பதால், பென்சில்வேனியாவில் பல வழிகாட்டிகள் ஜெட் படகில் கூட்டிப் போகிறார்கள். தண்ணி குளிர ஆரம்பிச்சதும் ஸ்மால்மவுத் பாஸ் பனிக்காலத்துக்கு முன் வயிறு முட்டத் தின்னும். அதனால்தான் இந்த சீசன்.

16 வயசு ஆனவங்களுக்கு லைசென்ஸ் வேணும். சின்னப் பிள்ளைகளுக்கு லைஃப் ஜாக்கெட், பேச்சுக்கே இடமில்லை.

என் ஒன்பது வயசுப் பொண்ணுக்கு ஒண்ணு மாட்டிச்சு. வழிகாட்டி கையை நனைச்சுட்டுத்தான் அதைத் தொட்டார். காய்ந்த கை பட்டால் மீன் மேலிருக்கும் வழுவழுப்பு உரிஞ்சிடுமாம்.

"வீட்டுக்குக் கொண்டு போலாமாப்பா?"

நம்ம வீட்ல மீன்னா குழம்புதானே! ஆனா ஹாரிஸ்பர்க் பக்கம் பாஸை உடனே விட்டுடணும். 2005-ல் குஞ்சு பாஸ்கள் நோயில் ஏராளமா செத்தன. அதுக்கப்புறம் வந்த கட்டுப்பாடு.

"அப்போ எதுக்குப் பிடிச்சோம்? அதுக்கு வலிக்காதா?"

முள் மழுக்கின கொக்கியைக் காட்டினேன். அது அவளுக்குப் போதலை. எனக்கும்தான். மதியம் அவள் தூண்டிலைத் தொடவே இல்லை. கரையில் நின்ற கொக்கை எண்ணிட்டிருந்தாள். நான் இன்னும் மூணு பிடிச்சு, மூணையும் விட்டேன்.