பணி பலருக்கு, பொறுப்பு ஒருவருக்கு

கலியாண வீட்டில் சமையலுக்கு ஒருவர், பந்தலுக்கு ஒருவர், நாகசுரத்துக்கு ஒருவர் என்று பலரை அமர்த்துகிறோம். முகூர்த்த வேளையில் விளக்கு அணைந்துவிட்டால், விருந்தினர் பந்தற்காரரைத் தேடிச் செல்வதில்லை, வீட்டுக்குடையவரையே கேட்கின்றனர். கணினியைக் கொண்டு இயங்கும் இன்றைய பெரிய நிறுவனம் ஒவ்வொன்றும் இத்தகைய கலியாண வீடே ஆகும்.

கேரள அரசின் கே-ஃபோன் திட்டத்தைக் காண்போம். ஏறத்தாழ 30,000 அரசு அலுவலகங்களுக்கும் 20 லட்சம் வறிய குடும்பங்களுக்கும் இணையத் தொடர்பு அளிக்கும் நோக்குடன் வகுக்கப்பெற்ற இத்திட்டம், 2023 ஜூன் 5-ஆம் நாள் திருவனந்தபுரத்தில் தொடங்கி வைக்கப்பெற்றது. ஒளியிழை வடத்தைத் தாங்கும் கம்பங்கள் மாநில மின்வாரியத்துடையவை. வலையமைப்பை நிறுவும் பணி பாரத் எலெக்ட்ரானிக்ஸ் தலைமையிலான கூட்டமைப்பினிடம் ஒப்படைக்கப்பெற்றது. இல்லங்களுக்கு இணைப்பைக் கொண்டு சேர்ப்போர் உள்ளூர்க் கேபிள் நடத்துவோர். வலை முழுவதையும் கண்காணிக்கும் நிலையமோ கொச்சியில் உள்ளது.

இத்தகைய அமைப்பொன்றில், ஓர் அலுவலகத்தின் தொடர்பு அற்றுப்போவதாகக் கொள்வோம். கம்பம் சாய்ந்ததா, வடம் அறுந்ததா, கருவி பழுதா, அலுவலகக் கணினியிலேயே கோளாறா? ஒவ்வொருவரும் தம் பகுதி சரியாக இருப்பதாகக் கூறலாம். சாளரத்தின் முன் காத்து நிற்பவருக்கு அதனால் என்ன பயன்?

இங்கே ஒரு கணக்கை நோக்குவோம். நால்வர் பணியும் ஒன்றையொன்று சார்ந்திருக்க, ஒவ்வொருவரும் நூற்றுக்கு 99 பங்கு நேரம் குறையின்றிப் பணியாற்றினும், நால்வரும் சேர்ந்து தரும் சேவை 96 பங்கே தேறும். பழுது நீக்க ஆளுக்கு 4 மணி நேரம் என்று ஒப்பந்தம் இருப்பின், ஒருவர்பின் ஒருவராகப் பார்த்து முடிப்பதற்குள் 16 மணி நேரம் கழியலாம். எவரும் ஒப்பந்தத்தை மீறியவர் ஆகார். வேலை மட்டும் நின்றிருக்கும்.

இதற்கு வழி யாது? முதலாவது, முறையீடுகள் அனைத்துக்கும் ஒரே பதிவேடு வேண்டும். இரண்டாவது, காலக்கெடுவை, பயனாளர் முறையிட்ட வேளையிலிருந்தே எண்ண வேண்டும். மூன்றாவது, ஒருவர் பணி எங்கே முடிந்து மற்றவர் பணி எங்கே தொடங்குகிறது என்பதை எழுத்தில் வரையறுக்க வேண்டும். நான்காவது, ஒருவர் தம் பகுதியில் மாற்றம் செய்யுமுன் ஏனையோருக்கு அறிவிக்க வேண்டும். யாவற்றிலும் தலையாயது, அமைப்பு முழுவதையும் அறிந்த ஊழியர் நிறுவனத்துக்குள்ளேயே இருத்தல். பணியை வெளியாரிடம் ஒப்படைக்கலாம். பொறுப்பை ஒப்படைத்தல் இயலாது.

வேற்று மொழி வழங்கும் மாநிலத்தில் வாழும் நமக்கு இதன் அருமை நன்கு விளங்கும். ‘அங்கே கேளுங்கள்’ என்று அலைக்கழிக்கப்படும்போது, வாதாட மொழி வாய்க்காதவரே பெரிதும் இன்னலுறுகிறார். ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும். ஆயினும் தேர் நின்றுவிட்டால் பதில் சொல்ல ஒருவர் இருத்தல் வேண்டும்.