விட்டுவிட்டுத் தந்த மாத்திரை

நம் குடலில் வாழும் ஈகோலை பாக்டீரியா, சூழல் வாய்த்தால் இருபது நிமிடத்தில் ஒன்று இரண்டாகிவிடும். காசநோய்க் கிருமிக்கு அதற்கே ஏறக்குறைய இருபது மணி நேரம் ஆகும். இத்தனை மந்தமான ஒன்று ஆண்டுதோறும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொல்கிறது. பெரும்பாலான மருந்துகள் பெருகுகிற கிருமியைத்தான் அடிக்கும். அசையாமல் கிடப்பவை தப்பிவிடும். இருமல் நின்று, பசி எடுத்து, உடம்பு தேறிய பிறகும் மாதக்கணக்கில் மாத்திரை விழுங்க வேண்டியிருப்பது இதனால்தான். நன்றாக ஆகிவிட்டோம் என்று நினைப்பவரை எப்படித் தொடர்ந்து சாப்பிட வைப்பது? காசநோய் மருத்துவத்தை ஆட்டிவைத்த கேள்வி இது. அதற்கான பதில்களில் சில சென்னை சேத்துப்பட்டில் கிடைத்தன.

1956இல் அங்கே ஓர் ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதன் வழிவந்ததுதான். காசம் என்றால் சானட்டோரியம் எனும் தனி மருத்துவமனை, முழு ஓய்வு, முட்டை, பால், நல்ல காற்று என்று மருத்துவர்கள் நம்பிய காலம் அது. (தாம்பரத்துக்கு முந்தைய மின்ரயில் நிலையத்துக்குச் 'சானட்டோரியம்' என்ற பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.) ஆனால் நாட்டில் இருந்த நோயாளிகள் எல்லோருக்கும் கட்டிலுக்கு எங்கே போவது? வாலஸ் ஃபாக்ஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவரின் தலைமையில் சென்னையின் ஏழை நோயாளிகள் 193 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி சானட்டோரியத்தில், மறு பாதி வீட்டில். இரு பாதியினருக்கும் ஒரே மருந்து, ஓராண்டு.

வீட்டில் இருந்தவர்கள் ஒண்டுக்குடித்தனங்களில் நெருக்கியடித்து வாழ்ந்தவர்கள். சாப்பாடும் குறைவு, ஓய்வும் குறைவு. ஆண்டு முடிவில் சானட்டோரியத்தில் 92 சதவீதத்தினருக்கும் வீட்டில் 86 சதவீதத்தினருக்கும் கிருமி அடங்கியிருந்தது. ஐந்தாண்டு கழித்துப் பார்த்தபோது அந்தச் சிறு இடைவெளியும் இல்லை. கூடவே வசித்த குடும்பத்தாருக்கு இதனால் நோய் அதிகம் தொற்றியதாகவும் தெரியவில்லை. 1959இல் முடிவுகள் வெளியான பின் உலகமெங்கும் சானட்டோரியங்கள் தேவையற்றுப் போகத் தொடங்கின. மருந்துதான் வேலை செய்கிறது, கட்டில் அல்ல என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டிய ஆய்வு வேறு இல்லை என்பேன்.

வீட்டில் மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா என்பதுதான் அடுத்த தலைவலி. முன்னறிவிப்பின்றி வீட்டுக்குப் போய் மாத்திரைகளை எண்ணினார்கள், சிறுநீரில் மருந்து இருக்கிறதா என்று சோதித்தார்கள். அப்போது கிருமியின் மந்தமே கைகொடுத்தது. ஒருமுறை மருந்து பட்ட காசநோய்க் கிருமி, மருந்து நீங்கிய பிறகும் உடனே பெருகத் தொடங்குவதில்லை. சில நாள் தயங்கி நிற்கிறது. அப்படியானால் தினமும் ஏன் கொடுக்க வேண்டும்? வாரம் இருமுறை வரவழைத்து, பணியாளர் கண்ணெதிரே கொடுத்தால் போதாதா? சென்னையில் சோதித்தார்கள், போதும் என்று தெரிந்தது. பின்னாளில் 'டாட்ஸ்' என்று ஊரெல்லாம் அறிந்த முறையின் வேர்களில் ஒன்று இது. இந்தியாவில் வாரம் மூன்று முறை என்று அது நிலைபெற்றது.

1986இல் அதே நகரில், காசத்தோடு கைகோக்கும் வேறொரு கிருமி கண்டறியப்பட்டது. சென்னை மருத்துவக் கல்லூரியில் சுனிதி சாலமனின் மாணவியாக இருந்த செல்லப்பன் நிர்மலா, பாலியல் தொழிலாளர்களிடம் ரத்த மாதிரிகள் சேகரித்தார். போதிய வசதி இல்லாததால் தம் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியிலேயே வைத்துக் காத்து, சோதனைக்காக வேலூருக்குக் கொண்டுபோனார். இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது அப்படித்தான் தெரியவந்தது.

காசநோய்க் கிருமி நுரையீரலில் நுழைந்ததும் வெள்ளணுக்கள் அதைச் சூழ்ந்து ஒரு முடிச்சாகக் கட்டிக்கொள்கின்றன. கொல்ல முடியாவிட்டாலும் வீட்டுக்காவலில் வைத்துவிடுகின்றன. கிருமி உள்ளே போன பெரும்பாலோர் ஆயுள் முழுக்க நோயாளி ஆகாமலே வாழ்வது இதனால். இந்தக் காவலை நடத்துவது வெள்ளணுக்களில் ஒரு வகையான சி.டி.4 அணுக்கள். எச்.ஐ.வி. தேடித்தேடி அழிப்பதும் அவற்றையேதான். உறங்கும் கிருமி விழிக்கும் வாய்ப்பு மற்றவர்களுக்கு வாழ்நாள் முழுவதற்கும் ஏறத்தாழ பத்தில் ஒன்று என்றால், சிகிச்சை பெறாத எச்.ஐ.வி. தொற்றாளருக்கு ஓராண்டுக்கே கிட்டத்தட்ட அந்த அளவு.

இதைவிட விசித்திரம் ஒன்று உண்டு. காசத்தில் நுரையீரல் குழிபடுவது பெருமளவு நம் எதிர்ப்பாற்றலின் வேலை. எதிர்ப்பு அடங்கிப்போனவரிடம் பெரும்பாலும் குழி விழுவதில்லை, சளியில் கிருமியும் குறைவு. நோய் முற்றியிருக்கும், சளிச் சோதனையோ 'இல்லை' என்று சொல்லிவிடலாம். இருமல், காய்ச்சல், எடை குறைவு, இரவு வியர்வை என நான்கையும் எச்.ஐ.வி. மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையத்தில் ஒவ்வொரு முறையும் கேட்பது அதனால்தான். காசநோயாளியை நம்பிக்கை மையத்துக்கு அனுப்பி எச்.ஐ.வி. பார்ப்பதும் இந்த உறவை நினைத்தே.

காவல் தளர்ந்த உடலில் வாரம் மூன்று முறை மருந்து செல்லுமா? அந்த முறைக்கு வேர் ஊன்றிய நிறுவனமே சோதிக்க முன்வந்தது. எச்.ஐ.வி.யும் நுரையீரல் காசமும் சேர்ந்திருந்த 331 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2018இல் வெளிவந்தது. தினமும் சாப்பிட்டவர்களில் 91 சதவீதத்தினருக்குப் பலன். வாரம் மூன்று முறை சாப்பிட்டவர்களில் 77 சதவீதத்தினருக்கு மட்டும். போதாக்குறைக்கு, விட்டுவிட்டுச் சாப்பிட்ட நால்வரிடம் முக்கியக் காசநோய் மருந்தான ரிஃபாம்பிசினுக்கு அடங்காத கிருமி உருவாகியிருந்தது. தினமும் சாப்பிட்டவர்களில் ஒருவரிடமும் இல்லை. இதற்கிடையில் இந்தியத் திட்டமும் தினசரி மருந்துக்கு மாறிவிட்டது. தன் பழைய வெற்றியின் எல்லையைத் தானே அளந்து சொல்வது ஆய்வுலகில் அடிக்கடி நடப்பதில்லை.

கட்டிலின் கதையும் முடியவில்லை. காசநோய் மரணங்களில் பல, சிகிச்சை தொடங்கிய முதல் இரண்டு மாதங்களுக்குள் நேர்கின்றன. 2022இல் தமிழ்நாட்டில் தொடங்கிய 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' புதிய நோயாளியிடம் சிலவற்றை மட்டும் பார்க்கிறது. உயரத்துக்கேற்ற எடை இருக்கிறதா, காலில் வீக்கம் உண்டா, மூச்சு எத்தனை வேகம், ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு, பிடிமானமின்றி நிற்க முடிகிறதா. ஆய்வுக்கூடம் எதுவும் தேவையில்லை, செவிலியரே பார்த்துவிடலாம். தேறாதவரை உடனே மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். மற்றவர்கள் மாத்திரையோடு வீட்டுக்குப் போகிறார்கள்.