எதைப் பார்க்கிறாய், தோழா?

"என்ன தோழா, இப்பொழுது எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாய்?"

ஆலை வாயிலிலே, தேநீர்க் கடை பெஞ்சியிலே, படிப்பகத் திண்ணையிலே இன்று தோழர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் கேள்வி இது. முன்பெல்லாம், "எந்த ஏடு படித்தாய்? யார் பேச்சைக் கேட்டாய்?" என்பார்கள். இன்று, "எந்தத் தொடர் பார்க்கிறாய்?" என்கிறார்கள். ஒருவர் கொலைக் கதை என்பார். இன்னொருவர் மாமியார் மருமகள் சண்டை என்பார். மீசை முளைக்கும் பருவத்துத் தம்பி, கொரியா நாட்டுக் காதல் கதை என்பான். "இன்னும் பார்க்கவில்லையா? ஐயோ, பார்த்தே தீரவேண்டும்!" என்று கையைப் பிடித்துக்கொண்டு சொல்லுவார்கள்.

கேலி பேசவில்லை நான். எட்டு மணி நேரம் இயந்திரத்தோடு மல்லாடிவிட்டு வீடு திரும்புகிறவன், ஒரு மணி நேரம் கால் நீட்டி உட்கார்ந்து எதையாவது பார்த்துச் சிரித்தால் யாருக்கு என்ன நட்டம்? சிரிக்கட்டும்! அது அவன் உரிமை. ஆனால், ஒரு நாளில் அவனுக்கென்று மிஞ்சுவது அந்த ஒரு மணி நேரந்தான். ஆகவேதான், அதை யாரிடம் ஒப்படைப்பது என்று யோசிக்கச் சொல்லுகிறேன்.

என்னைக் கேட்டால் எதைப் பார்க்கச் சொல்லுவேன்? சொல்லுகிறேன், கேளுங்கள்.

பிரிட்டனிலே ஐ.டி.வி. என்ற தொலைக்காட்சி நிறுவனம் 2024 ஜனவரித் திங்களில் ஒளிபரப்பிய நாடகம்: 'மிஸ்டர் பேட்ஸ் வெர்சஸ் தி போஸ்ட் ஆபீஸ்'. அஞ்சல் துறையை எதிர்த்து நின்ற பேட்ஸ் என்பவரின் கதை. நான்கே பகுதிகள். பிட்டர் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர், "அண்ணே, இதைப் பாருங்கள்" என்றார். பள்ளிப் படிப்போடு நின்றவன் நான். வெள்ளைக்காரர் பேசும் வேகம் எனக்குப் பிடிபடாது. அடியிலே ஓடும் எழுத்தை எழுத்துக் கூட்டி, நிறுத்தி, மறுபடி ஓடவிட்டுப் பார்த்தேன். நான்கு பகுதிக்கு எனக்கு ஐந்து இரவு பிடித்தது. ஆறாம் இரவு தூக்கம் பிடிக்கவில்லை!

பேய்க் கதையா? இல்லை. கொலைக் கதையா? இல்லை. கணக்குக் கதை, தோழர்களே, கணக்குக் கதை!

அந்த நாட்டிலே சிற்றூர் அஞ்சல் நிலையங்களைப் பெரும்பாலும் கடைக்காரர்களே ஒப்பந்தத்தின் பேரில் நடத்துகிறார்கள். ஒரு பக்கம் ரொட்டியும் மிட்டாயும். மறுபக்கம் அஞ்சல் தலை விற்பனை, முதியோர் உதவித்தொகை. ஊராருக்கு வேண்டியவர்கள், நாணயத்துக்குப் பெயர் போனவர்கள். 1999-இல் தொடங்கி இவர்களுடைய மேசைகளுக்கெல்லாம் ஒரு கணிப்பொறிக் கணக்கு முறை வந்து சேர்ந்தது. பெயர் ஹொரைசன். அளித்தது ஃபுஜிட்சு நிறுவனம்.

மாலையிலே கணக்கு முடிப்பார்கள். பெட்டியிலே இருக்கும் பணம் ஒன்று; பொறி காட்டும் தொகை வேறு. ஐந்நூறு பவுண்டு குறைகிறது, ஆயிரம் குறைகிறது, பத்தாயிரம் குறைகிறது என்றது பொறி. குறைந்தால் கைப்பணத்தைப் போட்டு நிரப்பவேண்டும் என்றது ஒப்பந்தம். நிரப்பினார்கள். சேமிப்பு போயிற்று. நகை போயிற்று. சிலருக்கு வீடே போயிற்று.

உதவி கேட்கத் தொலைபேசியை எடுத்தவர்களுக்கு அஞ்சல் நிர்வாகத்தார் தந்த பதில் என்ன தெரியுமா? "வேறு யாருக்கும் இப்படி நேரவில்லை. உங்களுக்கு மட்டுந்தான்."

உங்களுக்கு மட்டுந்தான்! எவ்வளவு நயவஞ்சகமான வாசகம்! ஊர் ஊராக ஆயிரம் பேர் அழுகிறார்கள். ஆயிரம் பேரிடமும், "நீ ஒருவன்தான் அழுகிறாய்" என்கிறார்கள். மனிதனை மனிதனிடமிருந்து பிரித்து வைத்துவிட்டால் போதும். சங்கிலி வேண்டாம், சிறைச்சாலை வேண்டாம், அவனே தன்னைக் குற்றவாளி என்று நம்பத் தொடங்கிவிடுவான்.

ஹாம்ப்ஷயரிலே சவுத் வார்ன்பரோ என்ற சிற்றூர். அங்கே ஜோ ஹாமில்டன் என்ற அம்மையார். பொறி இரண்டாயிரம் பவுண்டு குறைகிறது என்றது. உதவித் தொலைபேசியில் சொன்னபடியெல்லாம் பொத்தானை அழுத்தினார். குறை இரட்டிப்பாயிற்று! வளர்ந்து வளர்ந்து முப்பத்தாறாயிரத்தைத் தொட்டது. திருட்டுக் குற்றம் என்று மிரட்டினார்கள். சிறைக்கு அஞ்சி, செய்யாத கணக்குப் புரட்டைச் செய்ததாக ஒப்புக்கொண்டார். ஊரார் என்ன செய்தார்கள்? பணம் திரட்டிக் கொடுத்தார்கள். வழக்குமன்றத்துக்கே திரண்டு வந்தார்கள். நாடகத்திலே அந்தக் காட்சியைப் பாருங்கள். கண்ணீர் வரும். வரட்டும், வெட்கப்படவேண்டாம்.

பிரிட்லிங்டன் நகரிலே லீ காசில்டன். இருபத்தையாயிரம் பவுண்டு பாக்கி என்று வழக்குப் போட்டார்கள். வழக்கறிஞர் வைக்கப் பணமில்லாமல் அவரே வாதாடினார். 2007-இல் தோற்றார். எதிர்த்தரப்புச் செலவு மூன்று லட்சத்து இருபத்தோராயிரம் பவுண்டையும் அவர் தலையிலே கட்டினார்கள். திவாலானார்.

இப்படி 1999-க்கும் 2015-க்கும் இடையே தண்டிக்கப்பட்டோர் 900-க்கும் மேலே! அவர்களிலே பெரும்பாலோர்மீது வழக்குத் தொடுத்தது அஞ்சல் நிர்வாகமேதான். புகார் சொன்னதும் அவர்கள், புலனாய்ந்ததும் அவர்கள், குற்றம் சாட்டியதும் அவர்கள். சாட்சி யார்? பொறி! பொறி பொய் சொல்லாது என்று நீதியும் நம்பிற்று.

இங்கேதான் வருகிறார் ஆலன் பேட்ஸ். வேல்ஸ் நாட்டிலே லாண்டுட்னோ அருகே அஞ்சல் நிலையம் நடத்தியவர். "குறை என் கணக்கிலே இல்லை, உங்கள் பொறியிலே இருக்கிறது" என்று சொல்லி, பணம் கட்ட மறுத்தார். 2003-இல் அவருடைய ஒப்பந்தத்தை முறித்தார்கள். போட்ட முதல் போயிற்று. மனிதர் சத்தம் போடவில்லை, கடிதம் எழுதினார். கோப்பு சேர்த்தார். தம்மைப்போல் அடிபட்டவர் யார் யார் என்று தேடினார். 2009-இல் கணிப்பொறித் துறை வார இதழ் ஒன்று ஏழு பேருடைய கதையை வெளியிட்டது. அவ்வாண்டே ஃபென்னி காம்ப்டன் என்ற ஊரின் பொது மன்றத்திலே கூட்டம் போட்டார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். "உங்களுக்கு மட்டுந்தான்" என்ற பொய் அந்த மன்றத்திலே செத்தது!

பத்தாண்டு போராடி, 555 பேராகச் சேர்ந்து வழக்காடினார்கள். 2019 டிசம்பரில் ஐந்து கோடியே எழுபத்தேழரை லட்சம் பவுண்டுக்குச் சமரசம். மகிழாதீர்கள்! அதிலே பெரும்பகுதி வழக்குச் செலவுக்கே போய்விட்டது. ஆனாலும் அந்தப் பொறியிலே கோளாறு உண்டு என்ற தீர்ப்பு கைக்கு வந்தது. 2021 ஏப்ரலில் 39 பேருடைய தண்டனை நீக்கப்பட்டது. அவர்களிலே ஹாமில்டன் அம்மையாரும் ஒருவர். பிறகு மறுபடியும் ஆமை நடை. 2024 பிறந்தபோது பழி நீங்கியவர்கள் வெறும் 93 பேர்.

அப்பொழுதுதான் இந்த நாடகம் வந்தது. ஜனவரி 1, 2, 3, 4 — நான்கு இரவுகள். ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் பார்த்தார்கள். ஏடுகளிலே முன்பே வந்த செய்திதான். ஆனால், எண்களாகக் கேட்டதை இப்பொழுது முகங்களாகக் கண்டார்கள். பார்த்தவர் பார்க்காதவரிடம் சொன்னார். அஞ்சல் நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பிலே இருந்த போலா வெனெல்ஸ் அம்மையார் பெற்ற அரசு விருதைப் பறிக்கவேண்டும் என்ற மனுவிலே பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். 9-ஆம் நாள், விருதைத் திருப்பித் தருகிறேன் என்றார் அவர். 10-ஆம் நாள் தலைமையமைச்சர் ரிஷி சுனக் நாடாளுமன்றத்திலே எழுந்து, தண்டனைகளை ஒட்டுமொத்தமாக நீக்கச் சட்டம் வரும் என்றார். மே 24-இல் சட்டமே வந்துவிட்டது! ஸ்காட்லாந்து தனக்கென ஒரு சட்டம் செய்துகொண்டது.

இருபதாண்டு மனுக்களுக்கு அசையாத கோட்டை, நான்கு இரவு நாடகத்துக்கு அசைந்தது!

குறையே இல்லாத நாடகமா? அப்படிச் சொன்னால் நான் விளம்பரக்காரன் ஆவேன். பல ஆண்டுகளைச் சில மணி நேரத்திலே சுருக்கியிருக்கிறார்கள். கணக்கை ஆராய வரும் பாத்திரம், உண்மையிலே ஒரே மனிதர் அல்லர். பொறியைச் செய்து கொடுத்தவர்கள் அதிகம் கண்ணில் படாமல் தப்பிவிடுகிறார்கள். அது எனக்குப் பெருங்குறை. ஆனால் பேட்ஸாக வரும் டோபி ஜோன்ஸ் இருக்கிறாரே, வசனமழை பொழியவில்லை, மார் தட்டவில்லை. மேசையிலே கோப்பை அடுக்கி வைத்துக்கொண்டு அமைதியாகப் பேசுகிறார். மேடையிலே முழங்கிப் பழகிய எனக்கே அது ஒரு பாடம்.

"நல்ல நாடகம் போட்டால் போதும், நாடு திருந்திவிடும் என்கிறாயா?" என்று கேட்பீர்கள். இல்லை. அதே பிரிட்டனிலே 1966 நவம்பரில் பி.பி.சி. 'கேத்தி கம் ஹோம்' என்ற நாடகத்தை ஒளிபரப்பிற்று. கென் லோச் இயக்கியது. வீடிழந்த தாயின் கதை. ஏறத்தாழ ஒரு கோடியே இருபது லட்சம் பேர் பார்த்தார்கள்; நாடே பதறிற்று. வீடற்றோருக்கு இடமளிக்கும் கடமையை உள்ளாட்சி மன்றங்கள்மீது சுமத்திய சட்டம் எப்பொழுது வந்தது? 1977-இல்! பதினோரு ஆண்டுகள்!

அங்கே பதினோரு ஆண்டு. இங்கே ஐந்தே திங்கள். ஏன்? நான் காண்பது இது: பேட்ஸ் கூட்டத்தார் நாடகத்துக்கு முன்பே அமைப்பாக நின்றார்கள். பெயர்ப் பட்டியல் இருந்தது, கோப்பு இருந்தது, கையிலே தீர்ப்பும் இருந்தது. நாடகம் தீக்குச்சி, விறகை அடுக்கி வைத்தவர்கள் அவர்கள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். 2025 ஜூலையில் விசாரணை அறிக்கையின் முதற்பகுதி வந்தது. பதின்மூன்று பேராவது இந்தக் கொடுமையால் உயிரை மாய்த்துக்கொண்டிருக்கக்கூடும் என்றது அது. அன்றைக்கும் இழப்பீடு முழுமையாகக் கைக்கு வராதவர்கள் இருந்தார்கள். இக்கொடுமைக்காக அதிகாரிகளிலே ஒருவர்கூட அன்றுவரை தண்டிக்கப்படவில்லை. கதை முடிந்தது என்று திரை சொல்லும், வாழ்க்கை சொல்லுமா?

எங்கோ இருக்கும் லாண்டுட்னோ, நமக்கு என்ன என்கிறாயா, தோழா? உன் ஆலை வாயிலிலே விரலை வைத்தால்தான் வருகை. நியாயவிலைக் கடையிலே ரேகை பொருந்தினால்தான் அரிசி. "பொறி இப்படித்தான் காட்டுகிறது, நான் என்ன செய்ய?" என்ற சொல் உன் காதிலும் விழுந்திருக்குமே! பொறியைப் பகைக்கச் சொல்லவில்லை நான். பொறியும் பிழைபடும், பொறிக்குப் பின்னே மனிதர் இருக்கிறார், அவரைக் கேள்வி கேட்க நமக்கு உரிமை உண்டு. இதைத்தான் இந்த நாடகம் நான்கு பகுதியிலே சொல்லுகிறது.

பார். தனியாகப் பார்க்காதே, வீட்டாரோடு பார். ஆங்கிலம் புரியாத தோழர் பக்கத்திலே இருந்தால், நிறுத்தி நிறுத்தி எடுத்துச் சொல். நாளைக் காலை ஆலை வாயிலிலே, "என்ன பார்த்தாய்?" என்று கேட்பார்கள். கதையைச் சொல். சொல்லி முடித்ததும் நீ ஒரு கேள்வி கேள்:

"நம்மிலே யாரிடமாவது, 'உனக்கு மட்டுந்தான் இப்படி' என்று சொல்லியிருக்கிறார்களா?"

கையைத் தூக்குகிறவர்களை எண்ணிப் பார், தோழா!